பேட்டரி மேல் போட்ட பழி

அந்தக் கட்டட வேலையில் முந்நூறு பேர் இருந்தார்கள். அவர்களில் கயிற்றில் கட்டிச் சாப்பாடு ஏற்றப்படும் பெருமை ஒரே ஒருவருக்குத்தான். டவர் கிரேன் ஓட்டுபவர். தரையிலிருந்து ஐம்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதால் எல்லோருக்கும் அவர் 'மேல்மாடி'. மரியாதை தெரிந்தவர்கள் 'மேல்மாடியார்' என்பார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள், "மேல்மாடி காலியா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அவர்களைவிடச் சத்தமாக அவரே சிரித்துவிடுவார். ஐம்பத்தோரு வயதுக்குள், ஆளைப் பார்த்துச் சிரிப்பவர்களை முந்திக்கொள்ள அவர் நன்றாகப் பழகியிருந்தார்.

காலை பத்து மணிக்குத் தேநீரும் இரண்டு இனிப்பு ரொட்டியும் ஏறும். ஒரு மணிக்கு நான்கடுக்குப் பாத்திரம் ஏறும். நாலு மணிக்கு மறுபடி தேநீர், கூடவே ஒரு பொட்டலம் பிஸ்கட். வாளியில் வைத்துக் கட்டி அனுப்புவது அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி. கீழே நின்று வாக்கி டாக்கியில் வழி சொல்லும் சிக்னல்காரன் அவன்தான். என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாத ஜாதகம். "சாப்பாடு வருது மாமா, கையைக் கழுவிட்டு ரெடியா இருங்க," என்று அவன் சொன்னால், வாக்கி டாக்கி வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் மணி ஒன்று என்று தெரிந்துவிடும்.

அவர் ஏன் கீழே இறங்கி வந்து சாப்பிடவில்லை? ஏணிதான் காரணம். இரும்புக் கோபுரத்துக்குள் ஏணி செங்குத்தாகப் போகும். இடையிடையே நின்று மூச்சுவிட ஒன்பது தட்டுகள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பத்து நிமிடத்தில் ஏறிவிடுவார், ஒரு தேநீருக்காக இறங்கிவிட்டு மறுபடி ஏறுவார். இப்போது முப்பத்தைந்து நிமிடம். மூன்றாவது தட்டில் நின்று பூட்ஸ் கயிற்றைச் சரிசெய்வார். அவருடைய பூட்ஸுக்குக் கயிறே கிடையாது, ஜிப்தான். ஐந்தாவது தட்டில் மனைவிக்கு போன் போடுவார்.

"அஞ்சாவது தட்டுக்கு வந்தாச்சா?" என்பாள் அவள்.

"சும்மா... பேசலாம்னு... போட்டேன்."

"மொதல்ல மூச்சு வாங்கி முடிங்க. அப்புறம் சும்மா பேசலாம்."

மேலே போய் உட்கார்ந்துவிட்டால் அவர் வேறு மனிதர். பேருந்தில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து நிற்பதும், துணிக்கடையில் அளவைக் கேட்டதும் விற்கிற பெண் பரணைப் பார்ப்பதும் கீழே நடக்கிற சமாச்சாரம். மேலே அவருக்கு உடம்பே இல்லை. இரண்டு கைகள், இரண்டு கண்கள், அவ்வளவுதான். ஆறு டன் சுவர்ப் பலகையை ஒரு முட்டையை வைப்பது போல வைப்பார். சைட் இன்ஜினியர் யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாதவர். அவரே ஒரு தடவை வாய் தவறி, "நல்லா வச்சீங்க," என்று சொல்லியிருக்கிறார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தே ஓய்வு பெற வேண்டும் என்பது மேல்மாடியாரின் ஒரே ஆசை.

உடம்பில் நோய்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. முதலில் ரத்த அழுத்தம். அதற்குக் காரணம் சைட் இன்ஜினியர். அடுத்து சர்க்கரை, அது அம்மா வழிச் சொத்து. பிறகு முழங்கால் வலி, அது ஏணியின் குற்றம். கடைசியாகக் குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்து வந்தன. அதற்கு எதிர்வீட்டு நாயைப் பிடித்தார், அது ராத்திரியெல்லாம் குரைக்கிறதாம். நான்கு நோய்க்கும் நான்கு காரணம் ரெடியாக இருந்தது, அதில் எதிலும் அவருடைய உடம்பின் எடை வரவில்லை. அழுத்தத்துக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு இன்னொருவர், முழங்காலுக்கு ஊரின் மறுகோடியில் மூன்றாமவர். ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது. அவரை முழுசாகப் பார்க்கும் வாய்ப்பை அவர் எந்த டாக்டருக்கும் கொடுக்கவில்லை.

முழுசாகப் பார்த்தவள் மனைவி ஒருத்திதான். அவள் மருந்துக்கடையில் வேலை செய்பவள். கணவனின் மாத்திரைகள் ஒன்றிலிருந்து ஏழாகப் பெருகியதை அவளே எண்ணி எண்ணி டப்பாவில் போட்டிருக்கிறாள். கடை வாசலில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று நிற்கும். அவளைக் கூட்டிப்போக வரும் நாட்களில் அவர் அதன் பக்கம் திரும்பாமல், சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நுழைவார். அந்த உடம்போடு பக்கவாட்டில் நுழைவது நேராக நுழைவதைவிடக் கஷ்டம். இருந்தும் ஆறு வருடமாக அப்படித்தான் நுழைந்தார்.

ஒருநாள் அவருடைய தொப்பையே அவரைக் காட்டிக்கொடுத்தது. சாப்பாட்டு இடைவேளை. நான்கடுக்கையும் காலி செய்துவிட்டுக் கண்ணை மூடியிருக்கிறார். இடுப்புப் பெல்ட்டில் வாக்கி டாக்கி. தொப்பை சரிந்து அதன் பேசும் பட்டனை அழுத்திவிட்டது. தரையில் இருபத்திரண்டு வாக்கி டாக்கிகளில் ஒரே சமயத்தில் குறட்டை கேட்டது. முதலில் ஏதோ மெஷின் பழுது என்று மின்சாரக்காரர் ஓடினார். பிறகு குறட்டை நின்றது. பத்து எண்ணும் வரை சத்தமே இல்லை. அடுத்து, தண்ணீரில் மூழ்கியவர் மேலே வந்தது மாதிரி ஒரு பெரிய மூச்சு, திரும்பவும் குறட்டை. முந்நூறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாலை அவர் இறங்கியபோது ஆளுக்கொரு குறட்டை விட்டு வரவேற்றார்கள். அவரும் சிரித்தார். அந்தப் பத்து எண்ணும் நேரம் அவர் மூச்சு நின்றிருந்தது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

சிரிப்பு அடங்கி இரண்டு வாரம் போயிருக்கும். லிப்ட் வரப்போகும் சுவர்க் கூட்டுக்குப் பின்னால் கம்பிக்கட்டு இறக்க வேண்டியிருந்தது. மேலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியாது. இப்படிப்பட்ட இடங்களில் கிரேன்காரருக்குக் கண் சிக்னல்காரனின் குரல்தான். பாரம் இறங்கும்வரை அவன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் கொக்கி நிற்க வேண்டும். இதை மேல்மாடியார் பத்து வருடமாக ஒரு தடவைகூட மீறியதில்லை.

"எறக்குங்க... எறக்குங்க... எறக்குங்க... இன்னும் மூணு மீட்டர்... எறக்குங்க..." மணி இரண்டேகால். கண்ணாடிக் கூண்டில் வெயில். மச்சினனின் குரல் ஒரே தாளத்தில் வந்துகொண்டிருந்தது. அந்தத் தாளத்தோடு அவர் போய்விட்டார். எவ்வளவு நேரம் என்று கேட்டால் நாலு விநாடி, அல்லது ஐந்து. கை மட்டும் லிவரைத் தள்ளியபடியே இருந்தது. ஏதோ உறைத்துக் கண்ணைத் திறந்தபோது கம்பிவடம் தளர்ந்து தொங்கியது. பாரம் தரையில் உட்கார்ந்துவிட்டது. வாக்கி டாக்கியில் சத்தமே இல்லை. அவர் சட்டென்று லிவரிலிருந்து கையை எடுத்தார்.

"மாமா!" என்று குரல் வந்தது. மூச்சு இரைத்தது. "நிறுத்து நிறுத்துன்னு ரெண்டு தடவ கத்தினேனே, கேக்கலையா? நான் நின்ன எடத்துல வந்து உக்காந்துருச்சு மாமா. குதிச்சுட்டேன், நல்லவேளை."

மேல்மாடியார் பேசும் பட்டனில் விரலை வைத்தார். என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே மச்சினனே பதிலையும் சொல்லிவிட்டான்.

"இந்தப் பேட்டரி சனியன்தான். காலையிலேருந்து கரகரங்குது. ஸ்டோர்ல ஒழுங்கா சார்ஜ் போட்டாத்தானே!"

"ஆமா மச்சான்," என்றார் அவர். "பேட்டரிதான்."

மூன்றே வார்த்தை. ஆனால் அது அங்கேயே நிற்கவில்லை. மச்சினன் நேராக ஸ்டோருக்குப் போய்க் கத்தினான். சைட் இன்ஜினியர் வந்து என்னவென்று கேட்டார். ஸ்டோர்காரருக்கு ஒரு மெமோ போயிற்று. பாவம், அவர் ஒவ்வொரு பேட்டரிக்கும் நம்பர் ஒட்டி, வரிசைப்படி சார்ஜ் போட்டு, துணியால் துடைத்து வைக்கும் மனிதர். அந்த வேலையில் சேர்ந்து அவர் வாங்கிய முதல் மெமோ அது. இரண்டு நாளாக அந்தப் பேட்டரியைத் திருப்பித் திருப்பிச் சோதித்தார். அது குத்துக்கல் மாதிரி நன்றாக இருந்தது. அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாமல் அவர் தன்மேலேயே குற்றம் கண்டுபிடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஒரு மணிக்கு வாளி ஏறியது. பாத்திரத்தின் மேல் ஒரு புதுப் பேட்டரி இருந்தது, கூடவே ஒரு துண்டுச் சீட்டு. "புதியது. நானே இரவெல்லாம் சார்ஜ் போட்டேன். மன்னிக்கவும்." ஸ்டோர்காரரின் அழகான கையெழுத்து.

மேல்மாடியார் அன்றைக்குப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நான்கடுக்கும் மூடி திறக்காமல் கீழே இறங்கியது. மச்சினன் பதறிப்போய், "மாமா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். அவர் அதற்கும் ஏதோ சொல்லி மழுப்பினார். சாயங்காலம் வரை கண்ணில் தண்ணீர் தெளித்துத் தெளித்து வேலை பார்த்தார். ஒவ்வொரு பாரத்தையும் கொக்கி காலியாகும்வரை இமைக்காமல் பார்த்தார். தன்னைப் பார்த்துத் தானே பயப்படுவது எவ்வளவு கேவலம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

வேலை முடிந்ததும் நேராக மருந்துக்கடைக்குப் போனார். பக்கவாட்டில் நுழையவில்லை. வாசலில் நின்ற எடை மெஷினில் பூட்ஸோடு ஏறி நின்றார். நூற்று இருபத்து நாலு. எண் ஒரு தடவை துடித்துவிட்டு அங்கேயே நின்றது. உள்ளே மனைவி ஒரு கிழவருக்கு இருமல் மருந்தை எப்படிக் குடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கணவன் மெஷின்மேல் நிற்பதைப் பார்த்ததும் அவள் வாய் பாதியில் நின்றது. "ஒரு மூடியா, ரெண்டு மூடியா?" என்று கிழவர் மூன்று தடவை கேட்டார்.

கிழவர் போனபிறகு, அலமாரிகளுக்கு நடுவே போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். குறட்டை, கம்பிக்கட்டு, தூக்கம், பேட்டரி, மெமோ, சீட்டு. அவள் கையிலிருந்த மாத்திரை அட்டையை மடக்கி மடக்கி உடைத்துவிட்டாள்.

"கீழ நின்னது என் தம்பி," என்றாள்.

"ஆமா."

"அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தா, பேட்டரின்னுதான் என்கிட்டயும் சொல்லியிருப்பீங்களா?"

 சொல்லியிருக்கவே மாட்டேன் என்று அடித்துப் பேச வாய் வரவில்லை, அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. அவள் உடைந்த அட்டையை அலமாரியில் வைத்தாள்.

"எடையைப் பத்திப் பேச்செடுத்தாலே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறீங்கன்னு நானும் ஆறு வருஷமா வாயை மூடிக்கிட்டேன். பேச முடியாததையெல்லாம் அந்தப் பாத்திரத்துல வச்சு அடைச்சு அனுப்பினேன். இந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருக்கு. எழுந்திரிங்க, போலாம்."

"எங்க?"

"ஒரே ஒரு டாக்டர்கிட்ட. எல்லாச் சீட்டையும் எடுத்துக்கிட்டு."

அந்த டாக்டரம்மா மூன்று டாக்டர்களின் சீட்டுகளையும் மேஜைமேல் வரிசையாகப் பரப்பி வைத்துப் படித்தார். பிறகு தையல்காரர் வைத்திருப்பது போன்ற ஒரு டேப்பை எடுத்து அவர் கழுத்தைச் சுற்றிப் பிடித்தார். வயிற்றை அளப்பார்கள் என்று மூச்சை உள்ளே இழுத்துத் தயாராக இருந்த மேல்மாடியார் ஏமாந்துபோனார்.

"கழுத்து எதுக்குங்க?"

"நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர். படுத்தா இந்தச் சதை மூச்சுக்குழாயை அமுக்குது. மூச்சு நிக்கும். மூளை உங்களை உலுக்கி எழுப்பும். உங்களுக்கு அது தெரியாது. ஒரு ராத்திரியில நூறு தடவ நடந்தா எப்படித் தூங்கியிருப்பீங்க? ஒவ்வொரு தடவையும் ரத்த அழுத்தம் ஏறும். தூக்கம் கெட்டா பசி கூடும். பசி கூடினா எடை கூடும். எடை கூடினா சர்க்கரை அடங்காது. இத்தனையையும் தூக்கிக்கிட்டு நிக்கிற முழங்கால் சும்மா இருக்குமா?"

"எங்க எதிர்வீட்டு நாய்..." என்று ஆரம்பித்தார்.

மனைவி அவரைப் பார்த்தாள். நாய் அத்தோடு விடுதலையானது.

"எடை மட்டுமே காரணம்னு சொல்லமாட்டேன்," என்றார் டாக்டரம்மா. "உங்க அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது நெஜம், வயசும் நெஜம். ஆனா இந்த நாலையும் மோசமாக்குறது ஒரே ஆளு. அவரைக் கொஞ்சம் இறக்கினா நாலும் கொஞ்சம் இறங்கும்."

இறக்குவது ஏற்றுவது என்று வந்ததும் மேல்மாடியாருக்குத் தெம்பு வந்தது. "எத்தனை கிலோங்க?"

"மொதல்ல பத்துல ஒரு பங்கு. பன்னெண்டு கிலோ. ஆறேழு மாசத்துல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பன்னெண்டு கிலோவா! ஒரு சிமெண்ட் மூட்டையில கால்வாசி. அதைத் தூக்கினா என் கிரேன்ல முள்ளுகூட அசையாது."

"கிரேன் தூக்க வேண்டாம். நீங்க இறக்கணும்," என்றார் டாக்டரம்மா. "அதுவரைக்கும் மேல ஏறக்கூடாது. தூக்கப் பரிசோதனை செஞ்சு, ராத்திரி மூச்சுக்கு மெஷின் வச்சு, பகல்ல தூக்கம் வரலைன்னு எனக்கு நம்பிக்கை வந்தாத்தான் கையெழுத்துப் போடுவேன். வேலை எடத்துல நான் எழுதிக் குடுக்கவா, நீங்களே சொல்றீங்களா?"

அவர் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அந்த நாற்காலி போய்விட்டால் அவர் வெறும் குண்டு மனிதர். சொல்லாமல் விட்டால் நாற்காலி இருக்கும், கீழே மச்சினனும் நிற்பான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "நானே சொல்றேங்க," என்றார்.

மறுநாள் காலை வேலை தொடங்குமுன் எல்லோரும் வட்டமாக நிற்கும் கூட்டத்தில் அவர் கையைத் தூக்கினார். இன்ஜினியர், அன்றைக்கு எந்த ஓரத்தில் தடுப்புக் கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் மேல்மாடியார். "நான்தான் தூங்கிட்டேன். பாரம் தொங்கும்போது தூங்கிட்டேன். எனக்கு எடை ஜாஸ்தி, அதனால ராத்திரி மூச்சு நிக்குது, அதனால பகல்ல தூக்கம் வருது. இன்னைக்கு நான் ஏறல."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஸ்டோர்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். மச்சினன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இன்ஜினியர் கையிலிருந்த அட்டையில் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"விபத்துக்கு ஃபாரம் இருக்கு. மெஷின் பழுதுக்கு இருக்கு. தூங்கினேன்னு ஒருத்தர் தானா வந்து சொல்றதுக்கு என்கிட்ட ஃபாரமே இல்ல," என்றார் கடைசியில். பிறகு ஸ்டோர்காரரிடமிருந்து மெமோவைத் திரும்ப வாங்கிக் கிழித்துப்போட்டார். இரண்டாம் ஷிப்டில் கிரேன் ஓட்டுகிற, வாயே திறக்காத ஒரு பெண்மணியை வரவழைத்துக் கூண்டுக்கு அனுப்பினார். மேல்மாடியாரைத் தரையில் சிக்னல் வேலைக்குப் போட்டார், மச்சினனுக்குத் துணையாக.

அதுவரை அவர் பாரத்தை மேலிருந்துதான் பார்த்திருக்கிறார். முதல் நாள் இரண்டு டன் கம்பிக்கட்டு தலைக்கு மேலே ஆகாயத்தை மறைத்துக்கொண்டு, மெல்லச் சுழன்றபடி, தன்னை நோக்கி இறங்கியபோது அவர் தன்னையறியாமல் பத்தடி பின்னால் போனார். மச்சினன் இருந்த இடத்திலேயே நின்று, கையை அசைத்துப் பேசிக்கொண்டிருந்தான். பத்து வருடமாக இவன் இப்படித்தான் நின்றிருக்கிறான், மேலே உட்கார்ந்திருப்பது மாமா என்ற ஒரே நம்பிக்கையில். 

மச்சினன் அவரிடம் ஐந்து வாரம் பேசவில்லை. வேலைக்குத் தேவையான வார்த்தை மட்டும்தான். மேல்மாடியாரும் எதுவும் கேட்கவில்லை. தரையில் நாள் முழுக்க நடந்தார். முதல் வாரம் முழங்கால் கெஞ்சியது. மனைவி நான்கடுக்குப் பாத்திரத்தில் இரண்டு அடுக்கைக் கழற்றி ஒளித்து வைத்தாள். ஒன்றில் பாதிக்குமேல் காய்கறி. "இது சாப்பாடா, தோட்டமா?" என்று கேட்டுக்கொண்டே தின்றார். ராத்திரிக்கு மூக்கில் மாட்டும் மூச்சு மெஷின் வந்தது. அதை மாட்டினால் விமானம் ஓட்டுகிறவர் மாதிரி இருப்பதாக மனைவி சொன்னாள். குறட்டை நின்றதும் அவளுக்குத் தூக்கம் போயிற்று, இருக்கிறாரா இல்லையா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நான்காம் நாள் காலையில் அவர் எழுந்து உட்கார்ந்து, "ஏம்மா, எல்லாரும் தெனமும் இப்படித்தான் எழுந்திருக்கிறாங்களா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். தலை கனக்காமல் விடியும் என்பதையே அவர் மறந்திருந்தார்.

எடை அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. முதல் மாதம் நாலு கிலோ இறங்கி அவரைத் தலைகால் தெரியாமல் ஆட வைத்தது. இரண்டாம் மாதம் ஒன்றரை. மூன்றாம் மாதம் வேலையிடத்து வாசலில் புதிதாக ஒரு பேக்கரி திறந்தார்கள், இரண்டு கிலோ திரும்பி வந்துவிட்டது. டாக்டரம்மாவிடம் பேக்கரியின்மேல் பழி போட வாயெடுத்தவர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டு, "நான்தாங்க தின்னேன்," என்றார். டாக்டரம்மா அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார்.

மச்சினன் வாயைத் திறந்தது அதற்கெல்லாம் முன்னே, ஐந்தாவது வாரக் கடைசியில். நாலு மணித் தேநீர். பிஸ்கட் தட்டு சுற்றி வந்தது. மேல்மாடியார் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்தவருக்குத் தள்ளினார்.

"ஒரு பிஸ்கட் தின்னா கிரேன் ஒண்ணும் கவுந்துடாது," என்றான் மச்சினன்.

"ஒண்ணோட நிக்கிற ஆளா நான்?"

மச்சினன் சிரிப்பை அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. சிரித்து முடித்ததும் அவன் முகம் மாறியது. "மாமா, நீங்க தூங்கினதுக்கு எனக்குக் கோபம் இல்ல. உடம்பு, என்ன செய்வீங்க. பேட்டரின்னு நான் சொன்னப்போ ஆமான்னு சொன்னீங்களே... அடுத்த மூணு நாளும் அதே எடத்துல என்னை நிக்க விட்டீங்களே, அதுக்குத்தான்."

"தெரியும் மச்சான்," என்றார். "மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வாய் இல்ல."

"அதெல்லாம் வேணாம். டீ ஆறுது, குடிங்க."

எட்டு மாதம் ஆயிற்று. நூற்றுப் பத்து கிலோ. மாத்திரை ஏழிலிருந்து நாலு. அழுத்தம் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்திருந்தது. சர்க்கரை போய்விடவில்லை, ஆனால் கட்டுக்குள் வந்தது. முழங்கால் வலிக்கத்தான் செய்தது, முன்போல் அழவைக்கவில்லை. மூச்சு மெஷினின் கணக்கையெல்லாம் பார்த்துவிட்டு டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும், எடை திரும்ப ஏறினால் அவர் ஏறக்கூடாது என்று அதிலேயே எழுதியும் வைத்தார்.

அன்றைக்குக் காலை பதினெட்டு நிமிடத்தில் ஏறினார். நாற்காலியில் உட்கார்ந்தார். இரு பக்கமும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. ஆனந்தத்தில் கண்ணாடியையெல்லாம் துடைத்தார். முதல் பாரம் என்னவென்று கீழேயிருந்து சொன்னார்கள். கம்பிக்கட்டு, படிக்கட்டுச் சுவருக்குப் பின்னால். மேலிருந்து பார்த்தால் தெரியாத இடம்.

அவருடைய ஆனந்தம் அப்படியே அடங்கியது. துடைத்த துணியைக் கீழே வைத்தார். கீழே இன்ஜினியர் மச்சினனிடம் ஏதோ கேட்பதும், அவன் இல்லையென்று தலையை ஆட்டுவதும் சின்னதாகத் தெரிந்தது. வேறு ஆளை நிறுத்தட்டுமா என்று கேட்கிறார் போல. கேட்க வேண்டியதுதான், நியாயம்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். அன்றைக்குக் காலையில் மனைவியே தம்பிக்கு போன் செய்து, மெதுவாக இதையே கேட்டிருந்தாள். அவரும் அதைப் பக்கத்தில் நின்று கேட்டார். அவருக்கு அது வலித்தது. ஆனாலும் அவள் கேட்டது சரி.

கீழே மச்சினன் தொப்பியைச் சரியாக மாட்டிக்கொண்டான். நடந்து போய்ச் சுவருக்குப் பின்னால் மறைந்தான். மேல்மாடியார் கம்பிக்கட்டைத் தூக்கி, நகர்த்தி, சுவருக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினார். குரல் வருவதற்காகக் காத்திருந்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு விழிப்பாக ஒருபோதும் இருந்ததில்லை.

"மாமா, கேக்குதா?"

"கேக்குது மச்சான்."

"நான் கீழதான் நிக்கிறேன். எறக்குங்க."